வண்டித்தளத்தில் தேங்கிய நீர்: ரோ-ரோ கப்பல் விபத்துகளின் அரை நூற்றாண்டு

காரும் லாரியும் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் ரோ-ரோ கப்பல், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் குறுங்கடல் பயணத்தையே மாற்றியமைத்தது. அதன் வசதிக்குக் காரணம் முழு நீளத்துக்கும் திறந்து கிடக்கும் வண்டித்தளம்; அதன் ஆபத்துக்கும் அதுவே காரணம். குறுக்குச் சுவர் இல்லாத அத்தளத்தில் சற்றே நீர் புகுந்தாலும், தாம்பாளத்தைச் சாய்த்தாற்போல் அது முழுவதும் ஒரு பக்கம் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். நீர் புகுந்த வழியை அடைப்பதிலேயே விதிகள் நெடுங்காலம் முனைந்தன. புகுந்த நீரைத் தாங்கிக் கப்பல் நிமிர்ந்து நிற்குமா என்ற கேள்விக்கு விதி பிறக்க நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1953 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ராரிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குப் புறப்பட்ட ‘பிரின்சஸ் விக்டோரியா’வின் பின்கதவைப் புயல் அலைகள் சிதைத்தன. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கதவு வலுவற்றது என்பதோடு, தளத்தில் ஏறிய நீர் வடிய வழி போதாது என்றும் விசாரணை சொன்னது. மூலக்காரணம் அன்றே ஏட்டில் ஏறிவிட்டது.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சேபுரூகேயிலிருந்து முகப்புக் கதவு திறந்தபடியே கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ துறைமுகத்தைத் தாண்டிய சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேரைப் பலிகொண்டது. கதவை மூட வேண்டிய ஊழியர் உறங்கிவிட்டார் என்பது உண்மை. ஆனால் அத்துறையின் சாய்தளம் மேல் வண்டித்தளத்துக்கு எட்டாததால், முன்பகுதித் தொட்டிகளில் நீர் நிரப்பி முகப்பைத் தாழ்த்தியிருந்தார்கள். அந்நீரை முழுதும் வெளியேற்றுமுன்பே கப்பல் புறப்பட்டது. கதவு மூடியதா என்று காட்டும் விளக்கு வேண்டுமென்று நிறுவனத்தின் கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தும் நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. விபத்துக்குப் பின் விளக்குகள் வந்தன. சேதமடைந்த கப்பலுக்கான ‘சோலாஸ் 90’ தரமும் வந்தது. ஆனால் வண்டித்தளத்தில் தேங்கும் நீர் அதன் கணக்கில் இல்லை.

1994 செப்டம்பர் 28 அன்று தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் சென்ற ‘எஸ்டோனியா’ பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் இறந்தனர். மூன்று நாடுகளின் கூட்டு விசாரணை ஆணையத்தின் முடிவுப்படி, அலைகளின் தாக்குதலில் முகப்பு மூடியின் பூட்டுகள் உடைந்தன. மூடி கழன்று விழும்போது உள்ளிருந்த சாய்தளக் கதவையும் இழுத்துத் திறந்தது. மூடியைக் கப்பலைச் செலுத்தும் மேடையிலிருந்து பார்க்க இயலாது. அது போன செய்தியை விளக்கும் சொல்லவில்லை. இதன் பிறகே, 1996-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்பாடு, அலை உயரத்தைப் பொறுத்து வண்டித்தளத்தில் அரை மீட்டர் வரை நீர் நின்றாலும் கப்பல் கவிழக்கூடாது என்று வரையறுத்தது.

இவை எல்லாம் மனிதத் தவறுகள், வடிவத்தைப் பழிப்பது வீண் என்று சிலர் வாதிடலாம். ஆனால் உறக்கம், புயல், உடைந்த பூட்டு என்று தொடக்கம் மூன்று விதமாக இருந்தும் முடிவு ஒன்றாகவே இருந்தது. தளத்தைச் சுவரிட்டுப் பிரித்தால் தொழிலே நடக்காது என்பது இரண்டாவது மறுப்பு. உடன்பாடு சுவரைக் கட்டாயமாக்கவில்லை. தேவையான நிலைப்பை வேறு வழியிலும் எட்ட இடம் தந்தது, சேவைகளும் தொடர்கின்றன. 2014-இல் 304 பேரைப் பலிகொண்ட தென்கொரியாவின் ‘செவோல்’ கதவால் கவிழவில்லையே என்பது வலுவான மறுப்பு. அங்கே அளவுக்கு மீறிய சரக்கும் குறைக்கப்பட்ட நிலைப்பு நீரும் காரணங்களாயின. ஆகவே வண்டித்தளமே எல்லா விபத்துக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கும் வருவாய்க்காக விலைபோனது, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் அதே வலுதான்.

உடன்பாடு வட ஐரோப்பியக் கடல்களுக்கே பிறந்தது. 1970-இல் இத்தாலியில் கட்டப்பட்டு, பின்னர் மேல்தளங்கள் கூட்டப்பட்ட ‘அல்-சலாம் போக்காச்சியோ 98’ செங்கடலில் ஓடியது. 2006 பிப்ரவரியில் அதன் வண்டித்தளத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பாய்ச்சிய நீர் வடியாமல் தேங்கவே கப்பல் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்முறை நீரைக் கொண்டுவந்தது கடல்கூட அல்ல. 1953-இல் சுட்டப்பட்ட வடிகால் குறையே திரும்பவும் உயிர் குடித்தது. நீர் நுழையும் வழிகளை எண்ணி முடிக்க இயலாது என்பதால், நுழைந்த பின்னும் மக்கள் வெளியேற நேரம் தருமாறு கப்பலைக் கட்டுவதே முதல் விதியாக வேண்டும். அவ்விதி கடல் எல்லையோடு நிற்காமல், கப்பல் எக்கடலுக்கு விற்கப்பட்டாலும் அதனுடனேயே செல்ல வேண்டும்.