தங்கக் கோட்டையும் ஒரு வாளித் தண்ணீரும்

பாலைவன நகரம் என்றதும் மணலும் ஒட்டகமும்தான் நம் நினைவுக்கு வரும். ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேரில் இரண்டும் உண்டு. ஆனால் இந்த ஊரின் வரலாற்றை உண்மையில் எழுதியது தண்ணீர். அதைப் படிக்கப் பெரிய செலவும் ஆகாது. ஜோத்பூரிலிருந்து ரயிலில் சுமார் 300 கி.மீ. பயணம். இறங்கிய பிறகு முக்கியமான இடங்களை நடந்தே பார்த்துவிடலாம்.

கட்டணம் கேட்காத கோட்டை

1156-ம் ஆண்டில் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர மன்னர் திரிகூட மலை மீது இந்தக் கோட்டையைக் கட்டினார். நீளம் சுமார் 460 மீட்டர், அகலம் சுமார் 230 மீட்டர். மொத்தம் 99 கொத்தளங்கள். அவற்றில் 92 கொத்தளங்கள் 1633-க்கும் 1647-க்கும் இடையில் கட்டப்பட்டவை. எல்லாம் மஞ்சள் நிற மணற்கல். மாலை வெயில் பட்டால் கோட்டை முழுவதும் பொன்னாக மின்னும். ‘சோனார் கிலா’, அதாவது தங்கக் கோட்டை என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

இந்தக் கோட்டைக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஏன் தெரியுமா? இன்றும் சில ஆயிரம் பேர் இதற்குள் குடியிருக்கிறார்கள்! தெருக்கள், கடைகள், கோயில்கள் எல்லாம் மதிலுக்கு உள்ளேயே இருக்கின்றன. அரண்மனை அருங்காட்சியகத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. 12 முதல் 16-ம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட சமணக் கோயில்களும், பழமையான ஓலைச்சுவடிகளைக் காக்கும் ஞான பண்டாரம் என்ற நூலகமும் கோட்டைக்குள்தான் உள்ளன. மரமே அரிதான பாலைவனத்துக்கு ஓலைகள் எப்படி வந்தன? வணிகர்களோடு வந்திருக்க வேண்டும்.

ஒட்டகம் கொண்டுவந்த செல்வம்

இந்தியாவிலிருந்து சிந்து வழியாக மேற்கே சென்ற ஒட்டக வணிகர்களின் பாதையில் ஜெய்சல்மேர் இருந்தது. பட்டு, அபின், வாசனைப் பொருட்கள் எல்லாம் இவ்வழியே போயின. மன்னர்கள் சுங்கம் வாங்கினார்கள், வணிகர்கள் மாளிகை கட்டினார்கள். கோட்டைக்குக் கீழே இருக்கும் ‘பட்வோன் கி ஹவேலி’ அப்படிப்பட்டதுதான். குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805-ல் தொடங்கிய ஐந்து மாளிகைகளின் தொகுப்பு இது. இப்போது இதன் சில பகுதிகள் அருங்காட்சியகமாக உள்ளன. கையில் காசு குறைவாக இருந்தால் வெளியில் நின்று பார்த்தாலே போதும். கல்லில் செதுக்கிய ஜன்னல்களின் அழகு தெருவிலிருந்தே தெரியும்.

பிறகு பம்பாய் துறைமுகம் வளர்ந்தது, சரக்கு கடல் வழிக்கு மாறியது. 1947-ல் நாடு பிரிந்ததும் சிந்துவுக்குச் செல்லும் பாதையே அடைபட்டது. 1965, 1971 போர்களுக்குப் பிறகு எல்லைப் பகுதிக்கு ராணுவ முக்கியத்துவம் கூடியது. 1974-ல் சத்யஜித் ரேயின் ‘சோனார் கெல்லா’ திரைப்படம் இந்தக் கோட்டையை வங்காளிகளின் மனதில் பதித்தது. வணிகர்கள் போன இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்.

ஏரியும் வடிகாலும்

ஊரின் ஓரத்தில் கடிசர் ஏரி இருக்கிறது. 14-ம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் மழைநீரைத் தேக்குவதற்காக இதைச் சீரமைத்தார். குழாய் நீர் வரும்வரை ஊருக்கு இதுவே உயிர். பெண்கள் குடம் குடமாகச் சுமந்து சென்ற நீரில் ஒரு துளியையும் யாரும் வீணாக்கியிருக்க மாட்டார்கள். கரையில் சுற்றி வரக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே உள்ளூர் ஆசிரியர் ஒருவர் உருவாக்கிய சிறிய நாட்டுப்புற அருங்காட்சியகம் உண்டு. இசைக்கருவிகள், பொம்மலாட்டப் பொம்மைகள் எனப் பாலைவன வாழ்க்கையை அங்கே காணலாம்.

கோட்டையைக் கட்டியவர்கள் மழைநீர் நான்கு திசைகளிலும் வெளியேற ‘குட் நாலி’ என்ற வடிகால் அமைப்பைச் செய்திருந்தார்கள். அந்த வடிகால் எப்போதாவது பெய்யும் மழைக்காகச் செய்யப்பட்டது, தினமும் திறந்துவிடும் குழாய்க்காக அல்ல. குழாய் நீர் வந்தது, கோட்டைக்குள் விடுதிகள் பெருகின, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. கசிந்த நீர் அடியில் இருந்த வலுவற்ற பாறைக்குள் இறங்கியது. ராணி மஹாலின் பெரும்பகுதி இடிந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013-ல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் கனமழையின்போது மதிலின் ஒரு பகுதி சரிந்தது.

எங்கே தங்குவது?

குறைந்த செலவில் பயணம் செய்பவர்களுக்குக் கோட்டைக்குள் தங்குவது பெரிய ஆசை. எண்ணூறு ஆண்டுப் பழைய மதிலுக்குள் மலிவாக ஓர் அறை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்? ஆனால் அங்கே ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அந்த மதிலின் அடியைத் தேடிப் போகிறது.

விடுதி நடத்தும் குடும்பங்களையும் குறை சொல்ல முடியாது. தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்களுக்குச் சுற்றுலாதான் சோறு போடுகிறது. அவர்களை வெளியேற்றிவிட்டால் கோட்டை உயிரற்ற காட்சிப்பொருளாகிவிடும். கசியாத வடிகால் அமைப்பதும் அதைப் பராமரிப்பதும் அரசின் வேலை. பயணியின் வேலை அதைவிட எளிது. கோட்டைக்குக் கீழேயும் மலிவான விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்கலாம், பகலில் மேலே ஏறிப் போகலாம், அங்குள்ள கடையில் தேநீர் குடிக்கலாம், அவர்கள் செய்யும் பொருளை வாங்கலாம்.

கீழே தங்குபவருக்கு ஒரு லாபமும் உண்டு. தங்கக் கோட்டை மின்னுவதைப் பார்க்க வேண்டுமானால், அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும்!