ஏற்றினால் மட்டும் போதாது

எத்தீரியம் பிளாக்செயின் 2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கியது. அதில் சேர நினைத்தவருக்கு முதல் வேலை, தொடக்கப் பிளாக்கைத் தன் கணினியில் தானே தயாரித்துக்கொள்வது. முந்தைய சோதனை வலையமைப்பான ஒலிம்பிக்கின் 10,28,201ஆம் பிளாக்குக்குரிய ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்ணை, ஒரு சிறு ஸ்கிரிப்டிடம் கொடுக்க வேண்டும். 2014 முன்விற்பனையில் எத்தீரியத்தின் நாணயமான ஈதரை வாங்கியவர்களின் இருப்பெல்லாம் அடங்கிய கோப்பு ஒன்று வெளிவரும். யார், எந்த ஊரில் செய்தாலும் அதே கோப்புதான் வரவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் வலையமைப்பு உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

எவர் சொல்லையும் அப்படியே ஏற்காதே, நீயே கணக்கிட்டுப் பார் என்ற இந்த ஒழுக்கம்தான் என்னை இந்தத் தொழிலில் பிடித்து வைத்திருக்கிறது. சென்னையில் ஒரு சிறு குழுவோடு ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளைப் பிளாக்செயினில் ஏற்றுவதும் சரிபார்ப்பதும் என் வேலை. முதல் நாளே இருந்த அந்த ஒழுக்கம் கான்ட்ராக்டுகள் வரைக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. இடையில் போன பணம் கொஞ்சமல்ல.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்பது பிளாக்செயினில் ஒரு முகவரியில் குடியிருக்கும் நிரல். அது பணம் வாங்கும், வைத்துக்கொள்ளும், எழுதப்பட்ட விதிப்படி கொடுக்கும். ஏற்றியபின் அந்த நிரலைத் திருத்த முடியாது. நாம் எழுதுவது பெரும்பாலும் சாலிடிட்டி மொழியில். 2014இல் கேவின் வுட் முன்வைத்து, கிறிஸ்டியன் ரைட்வீஸ்னர் குழு வளர்த்தெடுத்த மொழி அது. ஆனால் பிளாக்செயினில் போய் உட்காருவது அந்த மூலநிரல் அல்ல. கம்பைலர் மாற்றித் தரும் பைட்கோட் மட்டுமே, அதாவது மனிதக் கண்ணுக்கு எதுவும் புரியாத எண்ணெழுத்துச் சரம். நம் தொழிலின் எல்லாச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பிறக்கிறது.

முதல் பதிப்புக்கு ஃபிரான்டியர் என்று பெயர். எல்லை நிலம் என்ற பொருளுக்கேற்ப அங்கே வசதி எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கானது. ஒரு பிளாக்குக்கு 5,000 கேஸ் என்று தொடக்கத்தில் வரம்பு வைத்திருந்தார்கள். கேஸ் என்பது கணிப்பு வேலைக்கான கட்டண அலகு. மிக எளிய பணப் பரிமாற்றத்துக்கே 21,000 வேண்டும் என்பதால், முதல் நாட்களில் எவராலும் எதையும் அனுப்ப முடியவில்லை. வரம்பு தளர்ந்து, முதல் பரிமாற்றம் ஆகஸ்ட் 7 அன்று பதிவானது.

அப்போது கான்ட்ராக்ட் ஏற்றிய முறை இது. சால்க் என்ற கம்பைலரை டெர்மினலில் இயக்கிப் பைட்கோடை எடுக்க வேண்டும். ஜெத் என்ற நோட் மென்பொருளின் கன்சோலைத் திறந்து, கணக்கின் பூட்டைக் கடவுச்சொல்லால் நீக்கி, அந்த நீண்ட சரத்தைக் கையால் ஒட்டி, எவ்வளவு கேஸ் தரலாம் என்று மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். பிளாக்கில் ஏறியதும் முகவரி கிடைக்கும். அந்த முகவரியைக் கொடுத்து 'கெட்கோட்' என்று கேட்டால் அங்கே இருக்கும் பைட்கோட் திரையில் ஓடும். ஒன்றும் இல்லையென்றால் '0எக்ஸ்' என்று மட்டும் வரும்.

அந்த வெறும் விடை அன்று உண்மையிலேயே வரக்கூடியதாக இருந்தது. நிரலைச் சேமிக்கும் கடைசிக் கட்டணத்துக்குக் கேஸ் போதாமல் போனால், ஃபிரான்டியர் விதிப்படி பரிமாற்றம் தோல்வியடையாது. உள்ளே எதுவும் இல்லாத காலிக் கான்ட்ராக்ட் ஒன்று உருவாகிவிடும். 2016 மார்ச் 14 அன்று வந்த ஹோம்ஸ்டெட் மேம்பாடுதான் இதை மாற்றி, கேஸ் போதாவிட்டால் ஏற்றமே தோல்வி என்று விதித்தது. ஏற்றியபின் கெட்கோட் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை என் குழுவில் இன்றும் விடவில்லை.

ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? நீங்கள் எழுதிக் காட்டிய நிரல்தான் அங்கே இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? அதற்கு முதலில் பரவலான விடை தந்தது, 2015இல் தொடங்கி மலேசியாவின் கோலாலம்பூரிலிருந்து இயங்கும் ஈதர்ஸ்கேன். மூலநிரலை அதனிடம் கொடுத்தால், அதுவே மறுபடி கம்பைல் செய்து, வந்த பைட்கோடைப் பிளாக்செயினில் உள்ளதோடு ஒப்பிடும். பொருந்தினால் மூலநிரல் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பது போன்ற பழக்கம் இது. எழுதியவரை அறியாதவரும் எழுதியதை அறிந்துகொள்ளலாம்.

சொல்வதற்கு எளிது, பொருந்த வைப்பது எளிதல்ல. கம்பைலர் பதிப்பு எண் துல்லியமாக அதேதானா, ஆப்டிமைசர் போட்டிருந்தோமா, போட்டிருந்தால் அதன் 'ரன்ஸ்' எண் வழக்கமான 200தானா, ஏற்றும்போது கொடுத்த கன்ஸ்ட்ரக்டர் மதிப்புகள் என்ன, எந்த லைப்ரரி (பிற கான்ட்ராக்டுகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்) எந்த முகவரியில் இருக்கிறது: இவற்றில் ஒன்று பிசகினாலும் பொருந்தாது. என் மேசையில் இதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு பக்கம், இந்த விவரங்கள் அனைத்தும் பேனாவில்.

இவ்வளவு கறார் எதற்கு என்பதை 2016உம் 2017உம் சொல்லிக் கொடுத்தன. 2016 ஜூன் 17 அன்று, பலர் பணம் போட்டிருந்த முதலீட்டு நிதியான 'தி டாவோ' கான்ட்ராக்டிலிருந்து 36 லட்சம் ஈதர் உருவப்பட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கில் கழிக்கும் வரிசைப் பிழை அதற்குக் காரணம். ஜூலை 20இல் பிளாக்செயினையே பிளந்து பணத்தை மீட்டார்கள். மறுத்தவர்கள் எத்தீரியம் கிளாசிக் ஆனார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரியும். ஏற்றும் தொழிலில் இருப்பவர்கள் அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது பாரிட்டி கதை.

2017 ஜூலை 19 அன்று பாரிட்டி நிறுவனம் தந்த, பலர் கையொப்பமிட்டால்தான் பணம் வெளியேறும் வாலட்டுகளிலிருந்து ஒன்றரை லட்சம் ஈதருக்கு மேல் திருடு போனது. மறுநாளே திருத்திய லைப்ரரி கான்ட்ராக்டை ஏற்றினார்கள். அதன்பின் ஏற்றப்பட்ட நூற்றுக்கணக்கான வாலட்டுகள் அந்த ஒரே லைப்ரரியை நம்பி நின்றன. ஆனால் லைப்ரரிக்கு உரிமையாளரைக் குறிக்கும் தொடக்கக் கட்டளை ஒன்று உண்டு; அதை யாரும் கொடுக்கவில்லை. நவம்பர் 6 அன்று யாரோ ஒருவர் அந்தக் கட்டளையைக் கொடுத்துத் தானே உரிமையாளராகி, அடுத்து அழிக்கும் கட்டளையையும் கொடுத்தார். 587 வாலட்டுகளில் 5,13,774 ஈதர் உறைந்தது. 2018இல் அதை மீட்க வந்த முன்மொழிவு ஏற்கப்படவில்லை. அந்தப் பணம் இன்றும் எடுக்க முடியாமல் கிடக்கிறது. ஏற்றுவது ஒரு கட்டளையோடு முடிகிற வேலை அல்ல. ஏற்றியபின் கான்ட்ராக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதும் அதே வேலையின் பகுதி.

நான் வந்தது ட்ரஃபிள் காலத்தில். கன்சென்சிஸ் நிறுவனத்தில் டிம் கோல்ட்டர் 2015இல் தொடங்கிய கருவி அது. 'ட்ரஃபிள் மைக்ரேட்' என்று தட்டினால் எண் வரிசையில் வைத்த ஸ்கிரிப்டுகள் ஓடும்; எதுவரை ஓடியது என்பதைப் பதிய ஒரு தனிக் கான்ட்ராக்டே பிளாக்செயினில் ஏறும். அடுத்து அர்ஜென்டினாவின் நோமிக் லேப்ஸ் செய்த பில்ட்லர் வந்தது. 2020இல் அது ஹார்ட்ஹேட் ஆனது. இன்னொரு பக்கம் டேப்ஹப் குழு, ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும் சிறு யூனிக்ஸ் கருவிகளாக டேப்டூல்ஸைச் செதுக்கியது. 2021 டிசம்பரில் பாரடைம் நிறுவனம் அந்த எண்ணத்தை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதி ஃபவுண்ட்ரி என்று வெளியிட்டது. 2023 செப்டம்பரில் ட்ரஃபிளை மூடுவதாக கன்சென்சிஸ் அறிவித்தது.

இன்று எங்கள் வேலை ஃபவுண்ட்ரியில்தான். 'ஃபோர்ஜ் ஸ்கிரிப்ட்' முதலில் ஒத்திகை பார்க்கும். 'பிராட்காஸ்ட்' என்று சேர்த்தால்தான் உண்மையில் அனுப்பும், அனுப்பியதையெல்லாம் கோப்பில் எழுதியும் வைக்கும். 'வெரிஃபை' என்றும் சேர்த்தால் அதே ஓட்டத்தில் மூலநிரல் சரிபார்ப்புக்குப் போகும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்றும் தட்டுகிறவர் கையில்தான்.

"அக்கா, ஏத்தியாச்சு" என்று குழுவில் இளையவர் சொன்னால், "வெரிஃபை ஆச்சா?" என்பதுதான் என் பதில்.

"டெஸ்ட்நெட்தானே அக்கா?"

"அங்க பழகினதுதான்பா இங்கயும் வரும்."

மார்டன், ராப்ஸ்டன், ரிங்கெபி, கோவன், செபோலியா: டெஸ்ட்நெட் எனப்படும் சோதனை வலையமைப்புகளுக்கு லண்டன், ஸ்டாக்ஹோம், சிங்கப்பூர், ஏதென்ஸ் ரயில் நிலையங்களின் பெயர்களை வைத்தார்கள். பணத்துக்கு மதிப்பில்லாத இத்தகைய இடங்களில்தான் கை பழகுகிறது.

சரிபார்ப்பு ஒரே தளத்தின் கையில் இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சோர்சிஃபை என்ற சேவை பிறந்தது. சாலிடிட்டி கம்பைலர் பைட்கோடின் வாலில் ஒரு ஹேஷைச் சேர்க்கிறது. இன்றைய வழக்கமான அமைப்பில் அந்த வால் 53 பைட். மூலநிரலின் குறிப்பு வரியில் ஓர் இடைவெளி கூடினாலும் அது மாறிவிடும். வாலும் பொருந்தினால், எழுதியவர் வைத்திருந்த கோப்பு எழுத்துக்கு எழுத்து இதுவேதான் என்று பொருள். சோர்சிஃபை இதையும் ஒப்பிட்டு, முழுப் பொருத்தம் எது, பகுதிப் பொருத்தம் எது என்று பிரித்துச் சொல்கிறது.

இதன் எல்லையும் எனக்குத் தெரியும். 2023 ஜூலை 30, எத்தீரியம் பிறந்து எட்டு ஆண்டு நிறைந்த அதே நாளில், கர்வ் என்ற நாணயப் பரிமாற்றத் தளத்தின் சில கான்ட்ராக்டுகள் கொள்ளை போயின. மூலநிரலில் பூட்டு சரியாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவை எழுதப்பட்ட வைப்பர் என்ற மொழியின் கம்பைலரில் 0.2.15, 0.2.16, 0.3.0 பதிப்புகள் அந்தப் பூட்டைப் பிழையாக மாற்றியிருந்தன. மூலமும் பைட்கோடும் பொருந்துகின்றன என்பது நிரல் நல்லது என்பதற்குச் சான்றாகாது. படிக்க வேண்டியது எது என்பதற்கு மட்டுமே சான்று.

இந்த அபாயத்தை முன்பே உணர்ந்து செய்த வேலை ஒன்று உண்டு. எத்தீரியம் பங்கு நிரூபண முறைக்கு மாறுவதற்காக வைப்புக் கான்ட்ராக்ட் ஒன்று 2020 நவம்பர் 4 அன்று முகவரியோடு அறிவிக்கப்பட்டது. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் 32 ஈதரை அதில் போட வேண்டும். ரன்டைம் வெரிஃபிகேஷன் நிறுவனம் அதைக் கணித முறையில் சரிபார்த்தது. மூலநிரலோடு நிற்காமல், கம்பைலரையும் நம்பாமல், பைட்கோடையே சோதித்தது. கோடிக்கணக்கான ஈதர் அதன் வழியே போனபின்னும் அது பிழையின்றி நிற்கிறது. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் வேலை அதுதான்.

என்னோடு இந்த வேலை செய்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். முகவரி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எழுதாதீர்கள். இன்னொருவர், இன்னொரு கணினியில், உங்கள் கோப்புகளிலிருந்து அதே பைட்கோடை வரவழைக்கும் வரை அது முடியவில்லை. பணம் போடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மூலநிரல் சரிபார்க்கப்படாத முகவரிக்கு, யார் சொன்னாலும், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.