தனிமங்களைப் பாடிய கணக்கு வாத்தியார்

முதலாமாண்டு கெமிஸ்ட்ரி பரீட்சைக்கு முந்தின ராத்திரி. தனிம அட்டவணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்களை ஒரு சீனியர் தன் அறைக்கு இழுத்துப்போய், "இதைக் கேளுங்கடா" என்று கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டார். பியானோவைத் தட்டிக்கொண்டே ஒருத்தர் மூச்சுவிடாமல் தனிமங்களின் பெயர்களை அடுக்கினார். ஒன்றரை நிமிஷத்துக்குள் 102 தனிமம்! வயிறு வலிக்கச் சிரித்தோமே தவிர, பரீட்சைக்குப் பிரயோஜனப்படவில்லை. பெயர்கள் அணு எண் வரிசையில் இல்லை. சந்தம் கேட்ட வரிசையில் இருந்தன!

பாடியவர் டாம் லேரர். 1928-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 15 வயதில் ஹார்வர்டில் நுழைந்து 18 வயதில் கணிதப் பட்டம் வாங்கிய ஆசாமி. படிக்கும்போதே நண்பர்கள் சிரிக்கப் பாட்டுக் கட்டினார். 1951-ல் கூட்டாளிகளோடு ஒரு மேடை நிகழ்ச்சி போட்டு, 'ஃபிசிக்கல் ரெவ்யூ' என்று பெயர் வைத்தார். பிரபல இயற்பியல் ஆராய்ச்சி இதழான 'ஃபிசிக்கல் ரிவ்யூ'வின் பெயரில் பண்ணிய குறும்பு அது. நம்ம கல்ச்சுரல்ஸ் ஸ்கிட் மாதிரிதான், வேறென்ன!

1953 ஜனவரியில் 15 டாலர் செலவில், ஒரே மணி நேரத்தில் பாட்டுகளைப் பதிவு செய்து 400 இசைத்தட்டுகள் போட்டார். ரேடியோக்காரர்கள் தொடவே பயந்த பாட்டுகள். ஆனாலும் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு, தபாலிலேயே அமெரிக்கா முழுக்கப் பரவியது. தனிமப் பாட்டு வந்தது 1959-ல். மெட்டு என்னவோ கில்பர்ட்-சல்லிவன் இரட்டையரின் 1879-ம் வருஷத்து இசை நாடகத்தில் இருந்து எடுத்தது.

1965-ல் வந்த ஆல்பம் இன்னும் விசேஷம். பள்ளிக்கூடங்களில் புகுந்த 'புதுக் கணித'த்தைக் கிண்டலடிக்க, 342-லிருந்து 173-ஐக் கழித்துக் காட்டுகிறார். விடை 169. அப்புறம் அதே கணக்கை எட்டடிமானத்தில் போடுகிறார். விடை 147. நோட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு!

அதே தட்டில்தான் வெர்னர் வான் பிரவுன் பற்றிய பாட்டு. ஹிட்லரின் ஜெர்மனிக்காக V-2 ஏவுகணையை உருவாக்கியவர். லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் அது விழுந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். போர் முடிந்ததும் அவரே அமெரிக்காவின் ராக்கெட் நிபுணர்! ஏவுவதோடு தன் பொறுப்பு முடிந்தது, விழும் இடம் தனக்கு எதற்கு என்று நினைக்கும் மனசை லேரர் சிரித்துக்கொண்டே தோலுரிக்கிறார். மாணவனாக இதைக் கேட்டபோது நானும் சிரித்தேன். வேலைக்கு வந்தபிறகு ஒருநாள், "டிராயிங்ல கையெழுத்துப் போட்டாச்சு, இனி சைட்காரங்க பாடு" என்று என் வாயே சொன்னது. சட்டென்று அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சைட்டுக்குக் கிளம்பிப் போனேன்.

புகழோடு இருந்தபோதே மேடையை விட்டு ஒதுங்கி, 1972 முதல் சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போய்விட்டார். 2020-ல் பாடல் வரிகளையும், 2022-ல் மெட்டு, ஒலிப்பதிவு உரிமைகளையும் எல்லோருக்கும் பொதுவில் விட்டுக்கொடுத்தார். 2025 ஜூலை 26-ல் தம் 97-வது வயதில் மறைந்தார்.

தம்பி, தங்கைகளே! கல்ச்சுரல்ஸில் வாத்தியார்களைக் கிண்டலடித்து நாங்கள் கட்டிய பாட்டுகளில் ஒன்றுகூட இன்று கையில் இல்லை. நீங்களாவது எழுதி, பதிவு பண்ணி வையுங்கள். அப்படியே நம்ம தொழிலையும் கொஞ்சம் கிண்டல் பண்ணுங்க, எங்களுக்குத் தேவைப்படும்!