துருவும் மெருகும்: ஒரு பழைய துப்பாக்கியின் வரலாற்றை எழுமலையிலிருந்து வாசித்தல்



எழுமலையில் நடக்கும் ஒரு நினைவுச் சொற்பொழிவில் துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது, இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர்களில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நாம் அல்ல. ஆனால் துப்பாக்கியின் இரண்டு முனைகளிலும் நாம் நின்றிருக்கிறோம். அதைச் சுமந்து போர்க்களம் போனவர்களில் நம் பாட்டன்மார் உண்டு. அதன் குண்டுக்கு விழுந்தவர்களிலும் நம்மவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வரலாறு நம் கையில் இல்லை. அதற்கான ஒரு தொடக்கமே இந்த உரை.

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. ராணுவம் கழித்துவிட்ட பழைய லீ-என்ஃபீல்டு போன்ற துப்பாக்கிகளை வாங்கி, வீட்டு மேசையில் வைத்துப் பழுது பார்ப்பார்கள். இறுகிப்போன மசகைத் துடைப்பார்கள், துருவை நீக்குவார்கள், மரக்கட்டையில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஊறவிடுவார்கள். இதில் தேர்ந்தவர்கள் ஒரு விதியை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள்: முத்திரைகளைத் தேய்த்து அழித்துவிடாதே. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்பதெல்லாம் இரும்பிலும் மரத்திலும் பதித்த பித்தளைத் தகட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டால் துப்பாக்கி புதிதாகத் தெரியும். ஆனால் அது யாருடைய கையில் இருந்தது, எங்கே போனது என்பது தெரியாமல் போய்விடும்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யவே உரிமம் வேண்டும். பழம்பொருள் என்று விலக்குப் பெற வேண்டுமானால், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அந்தத் துப்பாக்கி இருக்க வேண்டும். ஆகவே நாம் எந்தத் துப்பாக்கியையும் பழுது பார்க்க வரவில்லை. முத்திரையை அழிக்காதே என்ற அந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியின் வரலாற்றைத் துடைத்துப் பார்க்க வந்திருக்கிறோம்.

தண்ணீரில் தொடங்கிய கதை

முதல் முத்திரை 1857. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டிருந்ததாகச் செய்தி பரவியது, சிப்பாய்கள் கலகம் செய்தார்கள் என்று பாடநூல் சொல்கிறது. அந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது என்பதைப் பாடநூல் பெரும்பாலும் சொல்வதில்லை. 1857 ஜனவரியில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ராணுவ முகாமில், தோட்டாக் கிடங்குத் தொழிலாளி ஒருவர் ஒரு பார்ப்பனச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டார். சாதியைக் காரணம் காட்டிச் சிப்பாய் மறுத்தார். மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீ வாயால் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்று தொழிலாளி திருப்பிக் கேட்டார். அன்றைய ராணுவ அதிகாரிகளின் அறிக்கையிலேயே இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. வட இந்தியத் தலித் மரபு அந்தத் தொழிலாளியை மாதாதீன் என்ற பெயரில் நினைவுகூர்கிறது.

முதல் சுதந்திரப் போர் என்று கொண்டாடப்படும் ஒன்றின் வாசலில் மறுக்கப்பட்ட ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது. இந்த முத்திரையைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் 1857ஐ நமக்குக் கற்பிக்கிறார்கள்.

துப்பாக்கியிலும் படிநிலை

கலகத்தை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் ஒரு வேலை செய்தார்கள். இந்தியச் சிப்பாய்க்குக் கொடுக்கும் என்ஃபீல்டில் குழலின் உட்புறத்துச் சுருள் வரிகளை எடுத்துவிட்டு வழுவழுப்பாக்கினார்கள். குண்டைச் சுழலவிட்டுக் குறி தவறாமல் தூரம் கொண்டு செல்வது அந்த வரிகள்தான். அவை இல்லாவிட்டால் சுடலாம், ஆனால் தூரத்தில் குறி நிற்காது. வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கி ஒரு படி மேலே, இந்தியச் சிப்பாயின் துப்பாக்கி ஒரு படி கீழே என்பது கொள்கையாகவே இருந்தது.

1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. பின்னாளில் வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டுகள் பலவற்றைக் குடைந்து, சுருள் வரி இல்லாத .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். தோட்டா அடுக்கும் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். போலீஸ் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் கொடுக்க அது போதும் என்று நினைத்தார்கள்.

வெள்ளைச் சிப்பாய், இந்தியச் சிப்பாய், போலீஸ்காரர், கடைசியில் எதுவும் இல்லாத மக்கள். அம்பேத்கர் சாதிக்குச் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை ஆயுதக் கொட்டடியிலும் இருந்தது. கோடிக்கணக்கான மக்கள் இத்தனை இழிவையும் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் கேட்கிறார். வருண முறை அவர்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்துவிட்டது என்பதே அவர் காணும் காரணம். ஆங்கிலேயன் 1878இல் சட்டம் போட்டுச் செய்ததைச் சாதி அதற்கு வெகு காலம் முன்பே செய்துவிட்டது.

நம் பாட்டன்மார் சுமந்தது

இன்னொரு முத்திரை படைப்பிரிவுத் தகட்டில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். பாலம் கட்டவும் சுரங்கம் வெட்டவும் போன மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் ஒடுக்கப்பட்டோர் பெருமளவு சேர்ந்தார்கள். பம்பாய்ப் படையில் மகார்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 கோரேகாவ் போரில் விழுந்தவர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்டுள்ளன. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார்.

இவ்வளவு செய்தவர்களைப் 'போர்க்குடிகள்' கோட்பாடு வெளியே தள்ளியது. இவர்கள் வீர இனம், அவர்கள் இல்லை என்று ஆங்கிலத் தளபதிகள் பட்டியல் போட்டார்கள். 1890களின் தொடக்கத்தில் மகார்களைச் சேர்ப்பது நின்றது. கோபால் பாபா வலங்கர் விண்ணப்பம் எழுதிப் போராடினார். 1917இல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 111ஆவது மகார் படையை உருவாக்கினார்கள், தேவை முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்ததும் 1941இல் மகார் ரெஜிமென்ட். 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமென்ட்டை 1946இல் கலைத்தார்கள். ஆபத்து வந்தால் வீரன், ஆபத்து போனால் தீண்டத்தகாதவன்.

இருந்தும் ராணுவம் நமக்கு ஒன்றைத் தந்தது. எழுத்து, சம்பளம், ஓய்வூதியம், நிமிர்ந்து நடக்கும் பழக்கம். நம் சேரிகளில் ஓய்வுபெற்ற சிப்பாயின் வீட்டுத் தகரப் பெட்டியில் விடுவிப்புச் சான்றும் பதக்கமும் இருக்கும், துப்பாக்கி இருக்காது. ஆனால் அந்தப் பெட்டியை வைத்திருந்தவர் ஊருக்குள் செருப்போடு நடந்தார். இம்மானுவேல் சேகரனும் ராணுவத்திலிருந்து திரும்பியவர்தான். சமமாக உட்கார்ந்து பேசியதற்கு 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

கழித்த துப்பாக்கி எங்கே வந்தது

மற்ற நாடுகளில் ராணுவம் கழித்த துப்பாக்கி பொழுதுபோக்காளரின் வீட்டுக்குப் போனது என்று சொன்னோம். இங்கே அது போலீஸ் நிலையத்துக்கு வந்தது. 1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் .303 ரகத் துப்பாக்கியோடுதான் நின்றார்கள். அதன் பிறகு ராணுவம் புதிய ரகத்துக்கு மாறியது, 'த்ரீ நாட் த்ரீ' போலீஸின் அடையாளமாகத் தொடர்ந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். எதிரி நாட்டு ராணுவத்துக்கு எதிராகச் செய்த ஆயுதம், கூலி கேட்டவரையும் உரிமை கேட்டவரையும் நோக்கித் திரும்பியது.

இந்த வட்டாரத்தையே பாருங்கள். எழுமலையிலிருந்து அதிக தூரமில்லை பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அவர்கள் பிரமலைக் கள்ளர்கள். பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று எழுதிய சட்டத்தை எதிர்த்தவர்கள் என்பதால் அவர்களை நாம் மரியாதையோடு நினைக்கிறோம். பிறப்பை வைத்து எழுதப்படுவதன் வலி நமக்கும் தெரியும்.

அந்த மரியாதையோடுதான் ஒரு கேள்வியையும் வைக்கிறோம். இதே வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, 2006 வரை பத்தாண்டுகள் அங்கே ஒரு தலித் தலைவர் நாற்காலியில் நிலைக்க முடியவில்லை. பெருங்காமநல்லூரின் நினைவு அந்த ஊர்களுக்கு ஏன் வழி காட்டவில்லை?

பக்கத்தில் உத்தப்புரம். அங்கே தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், அந்தப் பதற்றத்தின் தொடர்ச்சியாக நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் உயிரிழந்தார். 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளிலேயே, பரமக்குடியில் போலீஸ் சுட்டுத் தலித்துகள் இறந்தார்கள். துப்பாக்கியின் ரகம் மாறியிருக்கிறது, குறி மாறவில்லை.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றை எழுதும்போது நமக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று மெருகு. நாங்கள் வீரப் பரம்பரை, போரில் வென்றவர்கள் என்று மட்டும் எழுதினால், யாருக்காகச் சுட்டோம், போர் முடிந்ததும் எப்படித் துரத்தப்பட்டோம் என்ற முத்திரைகள் அழிந்துபோகும். இன்னொன்று துரு. சுடப்பட்டவர்கள், செத்தவர்கள் என்று மட்டும் எழுதினால், டம்டம்மில் திருப்பிக் கேட்ட தொழிலாளியும் விண்ணப்பம் எழுதிய வலங்கரும் காணாமல் போவார்கள். துருவை நீக்க வேண்டும், முத்திரையை விட வேண்டும்.

மாணவர்களுக்கு இரண்டு வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, உங்கள் தெருவில் ராணுவத்துக்குப் போனவர்களின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விடுவிப்புச் சான்றில் இருக்கும் படைப்பிரிவு, எண், ஆண்டு அனைத்தையும் படியெடுத்து வையுங்கள். பாட்டி சொல்வதையும் பதிவு செய்யுங்கள். காகிதம் இரும்பைவிடச் சீக்கிரம் அழியும்.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. தேவைப்பட்டால் அங்கே தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கொட்டடியில் வைக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பாதுகாப்புக்காக அவர்களுக்கு உரிமம் வழங்கலாம். நாம் துப்பாக்கி கேட்கவில்லை. 1878இல் ஒரு சட்டம் பறித்ததையும், அதற்கு முன்பே சாதி பறித்ததையும் இந்த விதி எழுத்தில் ஒப்புக்கொள்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் மாவட்டத்தில் இந்த விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம்.

வலங்கர் எழுதியதும் ஒரு மனுதான். அடுத்த ஆண்டு இதே அரங்கில் நீங்கள் அந்தப் பதில்களோடு வந்து பேச வேண்டும். கேட்பதற்கு நாங்கள் இருப்போம்.

ஜெய் பீம்.