மேலடுக்குக் காற்றைக் கணிக்கும் கணினி

1999 டிசம்பர் 3 அன்று டென்மார்க்கைத் தாக்கிய பெரும்புயல் தரையில் வீசியது. அதை வளர்த்ததோ ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம். எனவே புயலை முன்னறிய மேலடுக்குக் காற்றைக் கணக்கிட வேண்டும்.

இதற்காக வளிமண்டலத்தைக் கணினியில் அடுக்கடுக்கான கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். பலூன், விமானம், செயற்கைக்கோள் தரும் அளவுகளை இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றும் வெப்பமும் அடுத்த சில நிமிடங்களில் எவ்வாறு மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளால் கணிக்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பல நாள் முன்னறிவிப்பு கிடைக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்செல் வீன்-நீல்சன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் முதல் இயக்குநர் அவரே. 1979இல் அம்மையம் முன்னறிவிப்புகளை வழங்கத் தொடங்கியது.

தொடக்க அளவிலுள்ள சிறுபிழை நாளாக நாளாகப் பெருகும். அட்லாண்டிக் கடல்மேல் இன்று விடுபடும் ஓர் அளவு, சில நாட்களில் கோபன்ஹேகனுக்குத் தவறான முன்னறிவிப்பாகலாம்.