கருணைக்கொலை விதிக்கு உரை

தெருநாயின் கருணைக்கொலையைக் கூறும் இவ்விதி, நடுவணரசு 2023 மார்ச்சுத் திங்களில் வெளியிட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளுள் 15ஆவதாய் நிற்பது. 2001ஆம் ஆண்டு விதிகளுள் 9ஆவதாய் இருந்ததே சொல் திருந்தி இவ்விடம் எய்தியது. அளவிற் சிறிது, எனினும் மிகைச்சொல் ஒன்றும் இன்று. நகர்க்கே உரியதோ எனின், அன்று. ஊராட்சியும் உள்ளாட்சியே ஆகலின் ஜவ்வாது மலையூர்களுக்கும் இது பொது. ஆண்டுக் கால்நடைப் பணி பயில்வார் உளங்கொள்ளுமாறு அதன் கருத்துத் தமிழில் தொடர்தொடராய் உரைக்கப்படும்.

'தீரா நோயுற்றனவும் சாக்காயம் பட்டனவும்'

தீரா நோயாவது மருந்தாற் போகாத நோய். சாக்காயமாவது உயிர் போதல் ஒருதலையாகிய காயம். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் வண்டியேறி இடுப்பு நசுங்கிக் குடல் சரிந்து, முன்னங்கால்களால் உடலை ஓரத்துக்கு இழுத்துச் சென்று கிடக்கும் நாயின் காயம் போல்வது. இரண்டும் ஒரு நாயினிடத்தே ஒருங்கு அமைதல் வேண்டுமோ எனின், வேண்டா. உம்மை எண்ணும்மையாய் இருவகையையும் தனித்தனியே தழுவிற்று.

'தீரா' என்ற அடையால் தீர்வன யாவும் விலக்குண்டன. மலையில் ஆட்டுக்கும் சாமைக் கொல்லைக்கும் காவலாய்த் திரியும் நாய்க்குப் புழு வைத்த புண் வருதல் இயல்பு. ஈ மொய்த்து நாற்றம் எழக் கண்டோர், இனிப் பிழையாது என்பர். புழுவைப் பொறுக்கிக் கழுவி மருந்திட, ஆறுவதே பெரும்பான்மை. காண்பார்க்கு அருவருப்பாதல் வேறு, நோய் தீராமை வேறு என்று கற்பான் முதற்கண் பிரித்தறிக. காப்பகத்தில் இடமின்மை, தீனிச் செலவு, முதுமை, குரைப்பு என்பன இத்தொடருள் இல்லை; ஆதலின் அவை காரணமாகா. வெறிநோய் பெரிதும் ஐயுறப்பட்ட நாய் வேறு விதியின்பாற் படும்; அதனைத் தனித்து அடைத்துத் தானே இறக்குங்காறும் வைக்க என ஆண்டுக் கூறப்பட்டது.

'அமர்த்தப்பெற்ற குழு கண்டறிந்தவாறு, குறித்த நேரத்தில்'

முன்னை விதி மருத்துவர் ஒருவர் கண்டறிதலையே கூறிற்று. பின்னை விதி குழு என்றது. ஒருவர் கண் தவறினும் மற்றவர் கண் காக்கும் என்பது கருத்து. நேரம் குறித்தமையால் அவசரமும் அரைவெளிச்சமும் நீங்கும்.

'சோடியம் பென்டோபார்பிட்டாலை நாளத்துள் செலுத்தி, தகுதியுடைய கால்நடை மருத்துவரால்'

இத்தொடரே விதியின் உயிர்நிலை. மருந்து முன்னங்கால் நாளத்துள் ஏறியதும் முதற்கண் மூளையின் மேற்பகுதி ஒடுங்கி நினைவு அறும். பின்னர் மூச்சு நிற்கும். அதன்பின் நெஞ்சத் துடிப்பு அடங்கும். இம்முறைவைப்பே கருணை எனப்பட்டது, மூச்சு முட்டுதலை உணரும் அறிவு அதற்கு முன்னரே போய்விடுதலின். எட்டிக்கொட்டை நஞ்சாகிய ஸ்டிரிக்னின் இதற்கு நேர்மாறு. நினைவு தெளிவாய் நிற்க உடல் வில்லாய் வளைந்து மூச்சடைக்கும். அதனை நெஞ்சில் ஊசியாய் ஏற்றிக் கொல்லுதலை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு குற்றம் என்றது. நினைவுள்ள நாய்க்குப் பொட்டாசியம் குளோரைடையோ மக்னீசியம் சல்பேட்டையோ ஏற்றுதலும் கொடுமையே. 'நாளத்துள்' என்றமையால் தசையிற் குத்துதல் விலக்கப்பட்டது. ஆண்டு மருந்து எரியும், பயனும் உறுதியன்று. அஞ்சிச் சீறும் நாய்க்கு முன்னரே மயக்கமருந்து இட்டு, அடங்கியபின் நாளம் தேடுக. வாயைக் கட்டி நால்வர் அமுக்கிப் பிடித்துச் செய்வது, மருந்து அதுவேயாயினும், விதியின் கருத்துக்கு ஒவ்வாது.

ஒப்புதல் பெற்ற பிற கருணைமுறைகளையும் விதி உடன்படும். அது மருத்துவர்க்கு வைத்த இடமேயன்றி, மருந்து கிட்டாதபோது கயிறும் தடியும் எடுப்பார்க்கு வைத்த இடமன்று. மலைமேல் மருத்துவர் வரத் தாழ்க்குமே எனின், அதுகாறும் நிழலும் நீரும் அமைதியும் தருக. ஊசியைப் பிறர் ஏற்றற்க.

'ஒரு நாயின் முன் மற்றொரு நாயைக் கொல்லற்க'

முன் என்றது இட முன். நாய் கண்ணால் மட்டும் அறிவதன்று. அஞ்சிய நாயின் குரலும் அது கழித்த மூத்திரத்தின் வாடையும் அடுத்த நாயைக் கலக்கும். ஆதலின் திரை கட்டுதல் மட்டும் அமையாது. வேறு அறை வேண்டும், மேசையும் தரையும் ஒவ்வொரு முறையும் கழுவப்படல் வேண்டும். சொல்லாத இதுவும் குறிப்பாற் கொள்க.

'அப்புறப்படுத்துமுன் இறந்ததை உறுதி செய்க'

மூச்சு நின்றமை போதாது. ஆழ்மயக்கத்திலும் மூச்சு நின்றாற்போல் தோன்றும். ஸ்டெதாஸ்கோப்பு வைத்துத் துடிப்பின்மையைச் சில நிமிடம் கேட்க. கருவிழியைத் தொட இமை அசையாமை காண்க. அப்புறப்படுத்தல் என்றதற்குக் காட்டில் எறிதல் எனப் பொருள் கொள்ளற்க. அம்மருந்து பிணத்துள் நெடுநாள் தங்கும். அதனைத் தின்ற நரியும் பருந்தும் மயங்கி மாளும். காடு சூழ்ந்த இம்மலையில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தலோ எரித்தலோ இன்றியமையாதது.

'காரணத்தையும் செய்த குழுவையும் பதிவு செய்க'

முன்னை விதியில் இல்லாது 2023இல் புதிதாய்ச் சேர்ந்தது இது. காரணம் எழுதவேண்டிய கட்டத்தில் 'தீரா நோய்' என்று மட்டும் எழுதுதல் விதியைத் திருப்பிச் சொல்லுதலே ஆகும். என்ன நோய், எவ்வுறுப்பில், என்ன மருத்துவம் பார்த்தும் தீரவில்லை என்பன வேண்டும். அவை இலவேல் பின்னர் ஏட்டைப் புரட்டுவார்க்கு அந்நாய் நோயால் முடிந்ததோ இடமின்மையால் முடிந்ததோ விளங்காது.