துரத்தலின் கணக்கு

ஒரே திசையில் செல்லும் இரண்டின் இடைத்தொலைவை அவற்றின் வேக வேறுபாட்டாலும், எதிரெதிரே வருவனவாயின் வேகங்களின் கூட்டுத்தொகையாலும் வகுத்தால் அவை சந்திக்கும் காலம் கிடைக்கும் என்ற சார்பு வேக விதியை, கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயம் என்னும் நூலின் கணிதபாதப் பகுதி ஒரே செய்யுளில் கூறிவிடுகிறது. கோள்கள் ஒன்றுசேரும் காலத்தைக் கணிக்கும் வானியலுக்கு அது இன்றியமையாதது.

ஐரோப்பாவிலோ, 804-இல் மறைந்த அறிஞர் அல்குவின் இயற்றியதாகக் கருதப்படும் லத்தீன் புதிர்த் தொகுப்பில் இக்கருத்து வேட்டைக்களத்தில் இறங்குகிறது. 150 அடி முன்னே நிற்கும் முயல் தாவலுக்கு 7 அடியும், துரத்தும் நாய் 9 அடியும் கடக்கின்றன. இரண்டின் ஓட்டத்தையும் தனித்தனியே பின்தொடராமல், குறையும் இடைவெளியை மட்டும் நோக்குவதே இத்தகைய புதிரின் உயிர்நாடி, அதன் உண்மையான அழகும் அதுவே. தாவலுக்கு 2 அடி குறைவதால் 75 தாவல்களில் நாய் முயலை எட்டுகிறது. ஆயினும் தொகுப்பின் விடை, 150-இல் பாதியை எடுத்து 9-ஆலும் 7-ஆலும் பெருக்கி நாயும் முயலும் ஓடிய முறையே 675, 525 அடிகளைக் காட்டுகிறது; பாதி எடுப்பதன் காரணத்தையோ மாணவரே கண்டறியுமாறு விட்டுவிடுகிறது.